தூதரக வீட்டு வேலையும் கேள்வி கேட்க முடியாத எசமானும்

(தோட்டக் கமிட்டிகளின் மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்ற நேரம், கீழ்ப்பிரிவு லயத்து அக்கா ஒருவர் எங்களிடம் வந்தார். “டீச்சர், மகளுக்கு வெளிநாட்டு வேலை ஒன்னு வந்திருக்கு. சும்மா வீடு இல்ல, தூதரகத்துப் பெரிய ஆள் வீடாம். அரசாங்கத்து ஆள், பயமே இல்லன்னு ஏஜென்சிக்காரர் சொல்றாரு. அனுப்பலாமா?” என்று கேட்டார்.

நாங்கள் உடனே பதில் சொல்லவில்லை. தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்லிச் சமாளிப்பது வாத்திமார் தொழிலில் உள்ள ஒரு கெட்ட பழக்கம். ஒரு தாயின் கேள்விக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. படித்துப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம் என்றோம். அந்தப் பதில்தான் இன்றைய பேச்சு.

தூதுவர்களுக்கு விலக்குரிமை என்று ஒன்று இருக்கிறது. தூதுவர் வேலை செய்யப் போகும் நாட்டின் பொலிஸ் அவரைக் கைது செய்ய முடியாது. அந்த நாட்டு நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது. அவர் வீட்டுக்குள் அனுமதியில்லாமல் யாரும் நுழைய முடியாது. இது புதிய விஷயம் அல்ல. அனுமார் இலங்கைக்கு வந்து இராவணன் சபையில் நின்ற கதை நமக்குத் தெரியும். கொல்லுங்கள் என்றான் இராவணன். தூது வந்தவனைக் கொல்வது முறையல்ல என்று வீடணன் தடுத்தான். அதனால் உயிர் தப்பியது. வாலில் தீ வைத்தது வேறு கதை.

அந்தப் பழைய முறையைத்தான் 1961-இல் வியன்னா நகரத்தில் நாடுகள் கூடி எழுத்தில் வைத்தன. அது 1964 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இன்று உலகத்தில் ஏறத்தாழ எல்லா நாடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் முகவுரையிலேயே ஒரு விஷயம் தெளிவாக இருக்கிறது: இந்தச் சலுகை தனி ஆளின் நன்மைக்கு அல்ல, நாட்டின் சார்பாகச் செய்யும் வேலை தடையில்லாமல் நடப்பதற்கு. 41-ஆவது சரத்து, தூதுவரும் அந்த நாட்டுச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று சொல்கிறது. சட்டம் அவருக்கும் உண்டு, அதை மீறினால் பிடிக்க மட்டும் ஆள் இல்லை.

இப்படி ஒரு பாதுகாப்பே வேண்டாம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1979-இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்து, 52 பேரை 444 நாள் அடைத்து வைத்தார்கள். அப்படி நடக்கலாம் என்றால் யார் தூது போவார்கள்? சண்டையில் இருக்கும் நாடுகள் யார் மூலம் பேசும்? எங்கள் சங்கத் தலைவர் தோட்டத் துரையோடு பேசப் போகும்போது, உள்ளே போனவர் வெளியே வருவார் என்ற உறுதி இருப்பதால்தான் போகிறார். அந்த நியாயம் நமக்கு விளங்கும்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு அலுவலக மேசையோடு நிற்பதில்லை. வீட்டுக்கும் வருகிறது, அடுப்படிக்கும் வருகிறது. 37-ஆவது சரத்துப்படி மனைவிக்கும் கணவனுக்கும் கூட அது உண்டு. அங்கேதான் நம் வீட்டுப் பிள்ளைகள் நிற்கிறார்கள்.

முதலில் நம் நாட்டுக்காரர் சம்பந்தப்பட்ட வழக்கையே சொல்கிறோம். ஒஸ்திரேலியாவின் தலைநகர் கன்பராவில் இலங்கையின் பிரதி உயர்ஸ்தானிகராக இருந்தவர் ஹிமாலி அருணதிலக. இலங்கையிலிருந்து ஒரு பெண்ணை வீட்டு வேலைக்குக் கூட்டிப்போனார். 2015-இலிருந்து 2018 வரை அந்தப் பெண் அங்கே வேலை செய்தார். வாரத்தில் ஏழு நாளும் வேலை. மூன்று வருடத்தில் கிடைத்த லீவு இரண்டே இரண்டு நாள். அதுவும் கொதி எண்ணெய் பட்டுக் கை வெந்ததால் கிடைத்தது. கடவுச்சீட்டு எசமானியின் கையில். மூன்று வருடத்துக்கும் சேர்த்துக் கொடுத்த சம்பளம் 11,212 ஒஸ்திரேலிய டொலர். மணிக்கணக்குப் போட்டால் ஒரு டொலர் கூட வராது.

2018 ஓகஸ்டில் அந்தப் பெண் வீட்டை விட்டு வெளியேறினார். இரட்சணிய சேனை அவருக்குத் தங்க இடம் கொடுத்தது. பிறகு வழக்குப் போட்டார். 2024 ஓகஸ்டில் ஒஸ்திரேலிய சமஷ்டி நீதிமன்றம் தீர்ப்பளித்தது: கொடுக்காத சம்பளம் 374,000 டொலர், வட்டி 169,000 டொலர், இரண்டும் சேர்த்து 543,000 டொலர் கட்ட வேண்டும். விலக்குரிமை இருக்கிறதே என்று கேட்பீர்கள். 39-ஆவது சரத்து அங்கே கை கொடுத்தது. பதவி முடிந்து அந்த நாட்டை விட்டுப் போன பிறகு, அலுவலக வேலையாகச் செய்த காரியங்களுக்கு மட்டுமே விலக்குரிமை மிஞ்சும். வீட்டில் சமைக்கவும் கூட்டவும் ஆள் வைத்தது நாட்டுக்காகச் செய்த அலுவல் அல்ல.

இந்தத் தீர்ப்பு வந்தபோது நம் வெளிநாட்டு அமைச்சு என்ன சொன்னது தெரியுமா? இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட சம்பளம் கொடுக்கப்பட்டது என்றது. “ஒப்புக்கொண்ட சம்பளம்” என்ற வார்த்தை நமக்குப் புதிதல்ல. கொழும்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நீங்களும் ஒப்புக்கொண்டதுதானே என்று நம்மிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்கள்! ஆனால் ஒரு நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்று சட்டம் இருந்தால், அதற்குக் கீழே ஒப்புக்கொண்டாலும் அது செல்லாது. கன்பராவில் வேலை செய்தவருக்குக் கன்பரா கணக்குத்தான். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலங்கையை மட்டும் குறை சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அதற்கு முந்திய வருடம், 2023-இல், அதே நீதிமன்றம் இந்தியாவின் முன்னாள் உயர்ஸ்தானிகர் ஒருவர் தன் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு 130,000 டொலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

இந்தியா என்றதும் நியூயோர்க் கதைக்கு வருகிறோம். 2013 டிசம்பர் 12-ஆம் திகதி, அங்கே இந்தியத் துணைக் கொன்சலாக இருந்த தேவயானி கோப்ரகடே கைது செய்யப்பட்டார். வீட்டுப் பணிப்பெண்ணின் விசாவுக்காகப் பொய் சொன்னார் என்பது குற்றச்சாட்டு. விசா அலுவலகத்தில் காட்டிய ஒப்பந்தத்தில் மணிக்கு 9.75 டொலர். இன்னொரு ஒப்பந்தம் தனியாக இருந்தது, அதில் மாதம் 30,000 இந்திய ரூபாய். அது அப்போது 573 டொலர்தான். ஒரு வேலைக்கு இரண்டு தாள், ஒன்று காட்டுவதற்கு, ஒன்று கொடுப்பதற்கு. உங்கள் பிள்ளைகளிடமும் இரண்டு தாளில் கையெழுத்துக் கேட்டால், அந்த இடத்திலேயே பேனாவைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.

கைது செய்தவர்கள் அந்த அதிகாரியை உடை களைந்து சோதித்தார்கள். அது தவறு, அதை நாங்கள் நியாயப்படுத்தவில்லை. எந்தப் பெண்ணுக்கும் அது நடக்கக் கூடாது. இந்தியா கொதித்தது. டெல்லியில் அமெரிக்கத் தூதரகத்துக்கு முன்னால் இருந்த பாதுகாப்புத் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். பத்திரிகை எல்லாம் நாட்டின் மானம் என்று எழுதின. ஆனால் அந்த வீட்டில் சமைத்த பெண்ணும் இந்தியப் பெண்தானே? அவரும் அதே நாட்டின் பிரஜைதானே? அவர் பேரில் டெல்லி நீதிமன்றம் ஒன்று ஏற்கெனவே பிடிவிறாந்து போட்டிருந்தது. அவருடைய கணவனையும் பிள்ளைகளையும் அமெரிக்கக்காரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாட்டின் மானம் யாரில் இருக்கிறது என்று நாங்கள் ரொம்ப நேரம் யோசித்தோம்.

முடிவு எப்படி வந்தது? கொன்சல் அதிகாரிக்குத் தூதுவர் அளவுக்கு விலக்குரிமை கிடையாது. அலுவலக வேலைக்கு மட்டுமே உண்டு. அதனால் இந்தியா அவரை ஐக்கிய நாடுகள் சபையில் உள்ள தன் தூதுக்குழுவுக்கு மாற்றியது. 2014 ஜனவரியில் முழு விலக்குரிமை வந்தது, அவர் நாட்டை விட்டுப் போனார். மார்ச்சில் நீதிபதி அந்தக் குற்றப்பத்திரிகையைத் தள்ளினார். குற்றம் செய்யவில்லை என்பதற்காக அல்ல. குற்றம் சாட்டிய அன்று விலக்குரிமை இருந்தது என்பதற்காக. இரண்டு நாளில் புதிய குற்றப்பத்திரிகை போட்டார்கள். அதற்குள் ஆள் அங்கே இல்லை.

லண்டனில் நடந்த ஒன்று கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. சவூதி அரேபியத் தூதரக அதிகாரி ஒருவரின் வீட்டில் வேலை செய்த பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவர் 2018-இல் தப்பி வந்து வழக்குப் போட்டார். குப்பை கொட்டப் போவதைத் தவிர வெளியே விடவில்லை, காலை ஏழிலிருந்து இரவு பதினொன்றரை வரை வேலை, கூப்பிட்ட நேரத்துக்கு ஓடிவர எந்நேரமும் ஒரு அழைப்பு மணியை உடம்பில் மாட்டியிருக்கச் சொன்னார்கள் என்பது அவருடைய முறைப்பாடு. தூதுவருக்கு எதிராக வழக்கே கிடையாது என்று எதிர்த்தரப்பு வாதாடியது. வியன்னா உடன்படிக்கையின் 31-ஆவது சரத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு. அலுவலுக்கு வெளியே தூதுவர் இலாபத்துக்காகத் தொழில் செய்தால் அதற்கு விலக்குரிமை இல்லை. 2022 ஜூலையில் பிரித்தானிய உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளில் மூன்று பேரின் முடிவாகச் சொன்னது: அந்தப் பெண் சொல்வது உண்மையானால், ஓர் ஆளை அடிமை போல் வைத்துச் சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவது இலாபம் பார்க்கும் காரியம்தான், வழக்கு நடக்கலாம். சம்பளம் கொடுக்காமல் மிச்சம் பிடித்த காசும் இலாபம்தான் என்று ஒரு நீதிமன்றம் சொல்ல 2022 வரை ஆனது. இதை நம் கொழுந்து எடுக்கும் பாட்டிமார் எப்போதோ சொல்லியிருப்பார்கள்.

சரி, விலக்குரிமையை நீக்க வழி உண்டா? உண்டு. 32-ஆவது சரத்து. ஆனால் அந்தச் சாவி தூதுவரிடம் இல்லை, அவரை அனுப்பிய நாட்டிடம் இருக்கிறது. அந்த நாடு எழுத்தில் விட்டுக்கொடுத்தால் வழக்கு நடக்கும். தீர்ப்பு வந்து பணத்தை அறவிட வேண்டும் என்றால் அதற்கு இன்னொரு தடவை தனியாக விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு.

எந்த நாடு அந்தச் சாவியைக் கொடுக்கிறது, எந்த நாடு கொடுப்பதில்லை? இங்கேதான் நாடுகளுக்கிடையே உள்ள நியாயம் எவ்வளவு என்று தெரிகிறது. 1997 ஜனவரியில் வொஷிங்டனில், ஜோர்ஜியா நாட்டுத் தூதரகத்தின் இரண்டாம் நிலை அதிகாரி குடித்துவிட்டுக் கார் ஓட்டி, 16 வயதுப் பிள்ளை ஒன்றைச் சாகடித்தார். ஜோர்ஜியா, சோவியத் யூனியன் உடைந்து பிறந்த சின்ன நாடு. அமெரிக்க உதவிப் பணத்தை நம்பி இருந்தது. அந்தப் பணத்தை நிறுத்த வேண்டும் என்று செனட் சபையில் குரல் வந்தது. ஜோர்ஜிய ஜனாதிபதி ஷெவர்ட்நாட்சே விலக்குரிமையை நீக்கினார். அதிகாரி அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 7 முதல் 21 வருடம் வரை தண்டனை. நல்ல காரியம், செத்த பிள்ளைக்கு ஒரு நியாயம் கிடைத்தது.

இப்போது திருப்பிப் பாருங்கள். 2019 ஓகஸ்டில் இங்கிலாந்தில், அமெரிக்கர்கள் இருந்த விமானப்படைத் தளம் ஒன்றுக்குப் பக்கத்தில், அங்கே வேலை செய்த அமெரிக்கர் ஒருவரின் மனைவி வீதியின் தவறான பக்கத்தில் கார் ஓட்டி, மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயது இளைஞனைக் கொன்றுவிட்டார். விலக்குரிமை இருக்கிறது என்று சொல்லி அவரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிரித்தானியா அவரைத் திருப்பி அனுப்பக் கேட்டது. 2020 ஜனவரியில் அமெரிக்கா மறுத்தது. பிரித்தானியா சின்ன நாடா? இல்லை. இருந்தும் முடியவில்லை. இளைஞனின் தாயும் தகப்பனும் வெள்ளை மாளிகை வரை போனார்கள், நீதிமன்றம் போனார்கள், விடவில்லை. 2022-இல் அந்தப் பெண் அமெரிக்காவில் இருந்துகொண்டே திரை வழியாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எட்டு மாத ஒத்திவைத்த தண்டனை. ஒரு நாள் கூட உள்ளே இருக்கவில்லை. ஆனால் அந்தப் பெற்றோர் ஓயாததால், அந்தத் தளத்துக் குடும்பத்தார் இனிமேல் அப்படித் தப்ப முடியாதபடி இரண்டு நாடும் 2020-இலேயே ஏற்பாட்டை மாற்றின.

சட்டம் ஒன்றுதான். ஜோர்ஜியாவுக்கு ஒரு மாதிரி நடந்தது, அமெரிக்காவுக்கு வேறு மாதிரி நடந்தது. உலக நீதிமன்றமும் அப்படித்தான். தெஹ்ரான் விஷயத்தில் 1980-இல் அது ஈரானுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த நீதிமன்றத்துக்குப் போனதே அமெரிக்காதான். 1986-இல் அதே நீதிமன்றம் நிக்கரகுவா வழக்கில் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தபோது, அமெரிக்கா ஏற்க மறுத்துவிட்டது. பாதுகாப்புச் சபைக்குப் போனால் அங்கே அதன் வீட்டோ.

நாடுகள் தங்களுக்குள் பேசும்போது நடுவில் இருக்கும் தொழிலாளியிடம் யாரும் கேட்பதில்லை என்பது நமக்குப் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியது இல்லை. வியன்னா உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த அதே 1964-இல்தான், ஒக்டோபர் 30-ஆம் திகதி, சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியும் நம்மைப் பங்கு போட்டார்கள். 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். எந்த லயத்து வாசலிலும் வந்து யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கடவுச்சீட்டை எசமான் வாங்கி வைப்பதும் நமக்குத் தெரிந்த வேலைதான். அந்தக் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது. கங்காணியின் ஆட்கள் பட்ட கடனைக் கட்டினால் விடுகிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுக்கும் காகிதம். அது இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து நம் பேத்திமாருக்கு வேறு நாட்டில் வேறு நிறத்தில் அதே துண்டு.

இனி அக்காவின் கேள்விக்கு வருவோம். அனுப்பலாமா? வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை. இங்கே கிடைக்கும் நாள் சம்பளத்தை வைத்துக்கொண்டு, போகாதே என்று சொல்வது எளிது, அடுப்பு எரிவது கஷ்டம். ஆனால் “அரசாங்கத்து ஆள், பயமே இல்லை” என்று ஏஜென்சிக்காரர் சொன்னது தலைகீழ். சாதாரண வீடு என்றால் வழக்குப் போட ஓர் ஆள் இருக்கிறார். தூதுவர் வீட்டில், அவர் அந்தப் பதவியில் இருக்கும் வரை, அநேகமாக அதுவும் இல்லை.

போவதென்றால் சில காரியம் செய்ய வேண்டும். எந்த நாட்டுத் தூதரகம், ஆள் தூதுவரா கொன்சலா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னோம். பணியகத்தில் பதியாமல் போகக் கூடாது. ஒப்பந்தத்தின் ஒரு பிரதி, கடவுச்சீட்டின் ஒரு பிரதி, இரண்டும் வீட்டில் இருக்க வேண்டும். சம்பளம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வர வேண்டும், கையில் வாங்கினால் சாட்சி இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரு கொப்பி. எத்தனை மணிக்கு எழும்பினோம், எத்தனை மணிக்குப் படுத்தோம், என்ன கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு நாளும் எழுத வேண்டும். தோட்டத்தில் செக்ரோல் கணக்கப்பிள்ளை கையில் இருக்கிறது, நம்மில் பலர் சொந்தமாக எழுதுவதில்லை, பேர் விழவில்லை என்று மாதக் கடைசியில் சண்டை போடுகிறோம். வெளிநாட்டு வீட்டில் சண்டை போடக்கூட ஆள் இல்லை. அதிகாரி பதவி முடிந்து போன பிறகு கதவு திறக்கும் என்று கன்பராவில் பார்த்தோம். அன்றைக்கு அந்தக் கொப்பிதான் பேசும்.

சங்கத்துக்கும் வேலை இருக்கிறது. மற்ற நாட்டுத் தூதுவரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இலங்கை அதிகாரி என்றால் அந்தச் சாவி நம் வரியில் நடக்கும் நம் அமைச்சிடம் இருக்கிறது, நம் வாக்கில் வந்தவர்களிடம் இருக்கிறது. அதனால் இன்று இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். வெளிநாட்டுக்குப் போகும் எந்த இலங்கை அதிகாரியும் வீட்டுக்கு ஆள் கூட்டிப்போனால், போகும் நாட்டுச் சட்டப்படி சம்பளம் கொடுப்பதாக அமைச்சிடம் முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டும். ஒப்பந்தம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும். சம்பள வழக்கு வந்தால் விலக்குரிமையை, இரண்டு பூட்டையும் சேர்த்து, அமைச்சு நீக்க வேண்டும். இதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள், மாற்றி எழுதுகிறோம்.

அக்கா, மகளிடம் ஏஜென்சிக்காரர் கொடுத்த தாள்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வரும் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்ட பிறகு வாருங்கள். மகளையும் கூட்டி வாருங்கள், அவரும் கேட்க வேண்டும். எத்தனை தாளில் கையெழுத்துப் போட்டார் என்பதை மட்டும் வருவதற்கு முன்னால் அவரிடம் கேட்டு வையுங்கள்.